அக்கரைப் பள்ளிக்கு வந்த பாடம்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் குற்றம் முழுவதும் ஓர் ஆசிரியையின் தலையில் இறங்கியது. இந்த வயதில் அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு எந்த லாபமும் இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். “பிள்ளைகளை ஆத்துக்குள்ள இறக்கிக் கூட்டிட்டு வரச் சொன்னது யாரு?”

சொன்னது நான். ஆனால், “பாலத்து வழியா சுத்தி வரத்தான் சொல்லியிருந்தேன் சார். டீச்சர் அவசரப்பட்டுட்டாங்க” என்றேன்.

மேசைக்கு எதிரில்தான் அந்த ஆசிரியை உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இப்போது பேசியது இவர்தானா என்று சந்தேகப்பட்டு உறுதி செய்துகொள்வதுபோல் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து, மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அப்போது நான் விரிவுரையாளர். கல்வித் தொழில்நுட்பம் என்று பலகை தொங்கிய அறை என்னுடையது. பூசணம் பிடித்த படச்சுருள்கள், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் பெட்டி, அட்டைப் பெட்டி நிறைய கேசட்டுகள், இவைதான் அந்த அறையின் சொத்து. கிராமத்துப் பள்ளிகளுக்கு அரசாங்கம் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்திருந்தது. காலையில் அரை மணி நேரம் பள்ளிப் பாடம் ஒளிபரப்பாகும். அதைப் பிள்ளைகள் பார்க்கிறார்களா, வாத்தியார்கள் பயன்படுத்துகிறார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது என் வேலை.

பெரும்பாலான ஊர்களில் பெட்டி பீரோவுக்குள் இருக்கும். பழுதானால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அதைக் காவல் காப்பார்கள். நான் போகிற அன்று பொட்டு வைத்து, பெண் பிள்ளைகள் பூ வேலை செய்த துணியால் போர்த்தி, வெளியே கொண்டுவந்து வைப்பார்கள்.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது. ஓராசிரியர் பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருந்தேன். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒரே ஆள் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’னாவும் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குப் பெட்டி அரை மணி நேரம் பாடம் நடத்தினால், அந்த நேரத்தில் வாத்தியார் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதப் பழக்கலாம். பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் படம் போட்டு இதைத்தான் சொல்வேன். இன்றும் அதில் தவறு இருப்பதாக நினைக்கவில்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது.

மேற்கே, மலையடிவாரத்தில், தாமிரபரணியின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு பள்ளிகள் இருந்தன. இக்கரைப் பள்ளி மேட்டில் இருந்தது. மின்சாரம் உண்டு, உயரமான கம்பத்தில் ஆண்டெனா உண்டு, படம் ஓரளவு தெளிவாக விழும். அக்கரைப் பள்ளி மலையின் மறைவில் ஒடுங்கிக் கிடந்தது. மின்சாரம் கிடையாது. இருந்திருந்தாலும் அங்கே படம் விழாது. அதுதான் ஓராசிரியர் பள்ளி. அதன் ஆசிரியை பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர். கிறிஸ்தவ சபைப் பள்ளியில் படித்தவர், முப்பது வயதைத் தாண்டாதவர். கீழ் ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் முதல் பஸ்ஸில் பாலத்து வழியாக வருவார். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான்.

பாலம் வெகுதூரம் கீழே இருந்தது. பிள்ளைகள் நடந்து சுற்றி வந்தால் பாதி நாள் போய்விடும். ஆற்றுக்குள் இறங்கினால் கூப்பிடு தூரம். மழைக்காலம் முடிந்த பிறகு பாறைகள் தலை தூக்கும், முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் அந்த வழியில்தான் போய் வந்தார்கள்.

இரண்டு பள்ளியையும் சேர்த்து ஒரே வகுப்பாகப் பாடம் பார்க்க வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வரப்போவதாகத் தகவல் வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு பள்ளி படிக்கிறது என்று காட்டினால் எனக்குப் பெயர் கிடைக்கும். காட்ட எதுவும் இல்லையென்றால் என் பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. எனக்குப் பெயர் ஆசையும் இருந்தது, வேலை பயமும் இருந்தது.

இக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியர் எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் அறையில் வைத்துத்தான் அந்த ஆசிரியையிடம் பேசினேன்.

“பெரிய பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டு வாங்க டீச்சர். சின்னதுகளைச் சத்துணவு ஆயா பார்த்துக்கட்டும். அரை மணி நேரம் பார்த்துட்டுத் திரும்பிடலாம்.”

“எந்த வழியா சார்?”

“ஊரே ஆத்து வழியாத்தானே வருது.”

“ஊர் வரும் சார். அவங்களுக்குத் தண்ணி தெரியும். மேல அணையில கரண்டு மிஷினை ஓட்டுனா தண்ணி கூடிரும். பொழுது சாயத்தான் ஓட்டுவாங்கன்னு சொல்லுதாங்க. ஆனா சில நாளு சொல்லாம கொள்ளாம வந்துருது. எம்பிள்ளைங்கல்லாம் சின்னதுங்க சார்.”

தலைமையாசிரியர் சிரித்தார். “பயப்படாதீங்க டீச்சர். சார் கல்லிடைக்குறிச்சி ஆத்தங்கரைத் தெருக்காரரு. தண்ணியைப் பத்தி அவருக்கா சொல்லுதீக?”

“பிறந்ததிலேர்ந்து இந்த ஆத்துல குளிக்கிறவன் டீச்சர் நான்” என்று நானும் சேர்ந்துகொண்டேன். “காலையில ஒண்ணும் வராது.”

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. எங்கள் ஊர்ப் படித்துறைக்குக் கீழே அணைக்கட்டு இருக்கிறது. அது ஆற்றைத் தடுத்துக் குளம்போல் நிறுத்தி வைத்திருக்கும். மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எங்கள் துறைக்கு வரும்போது அது அகலத்தில் பரவி, ஒரு படியை மெள்ள நனைத்துவிட்டு நின்றுவிடும். நான் அறிந்த ஆறு அவ்வளவுதான். மலையை விட்டு இறங்கும் இடத்தில், பாறைகளுக்கு நடுவே, அதே தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இந்த உத்தரவை நான் எழுத்தில் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் பாலத்து வழியாக என்றுதான் எழுதியிருப்பேன். வாயால் சொன்னதால்தான் ஆறு என்று சொன்னேன்.

ஆசிரியை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியாது. வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் தன் முறையில் காவல் போட்டுக்கொண்டார். கிணற்று வடக்கயிறு ஒன்றை வாங்கி வந்தார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்க வேண்டும். முன்னால் அவர் போவார். கடைசியில், இருப்பதிலேயே தைரியசாலியான ஒரு நாலாம் வகுப்புப் பெண் வருவாள். அந்தப் பெண்ணுக்குப் பயம் என்பதே கிடையாது. மாமரத்தின் உச்சியிலிருந்து அவளை இறக்க ஊரே கூடும் என்று சொல்வார்கள்.

நடு ஆற்றில் ஆசிரியை திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: “கடைசியில யாரு?”

“நாந்தான் டீச்சர்!”

அந்தக் குரல் கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு காவலும் இருந்தது. அது ஊர்க்காரர்களிடம் அவர் கற்றது. ஆற்றில் இறங்கும் முன் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுவார்கள். வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் அப்படியே நிற்பார்கள். தண்ணீர் குச்சியைத் தாண்டி ஏறினால் இறங்க மாட்டார்கள். ஆசிரியைக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. அவர் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைப்பார். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்த பிறகும் குச்சி ஈரமாகாமல் இருந்தால்தான் முதல் அடி.

அதிகாரிகள் வரும் நாளும் வந்தது. மாசி மாதத்து வெயில். காலையில் குச்சி ஊன்றி, வாய்ப்பாடு சொல்லி, கயிற்றைப் பிடித்து, எல்லாரும் ஒழுங்காக வந்து சேர்ந்தார்கள். பெட்டியைத் திறந்து வைத்தோம். அன்றைக்கு எறும்பைப் பற்றிய பாடம். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். பாதிப் பாடத்தில் ஜீப் வந்தது.

பாடம் முடிந்ததும் பெரிய அதிகாரி அக்கரைப் பிள்ளைகளைப் பார்த்து, “எறும்புக்கு எத்தனை கால்?” என்று கேட்டார்.

கயிற்றின் கடைசிப் பெண் எழுந்தாள். “ஆறு சார். கொம்பு ரெண்டு. அது காலுல சேராது.”

அதிகாரிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு எல்லாரையும் சேர்த்து ஒரு படம். பிறகு இளநீர். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை இரண்டு தடவை என் பக்கத்தில் வந்து, “நாங்க கிளம்பட்டா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டினேன்.

கடைசியில் அதிகாரி, பிள்ளைகள் திரும்பிப் போவதையும் தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி மேட்டில் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். நானும் தலைமையாசிரியரும் பிள்ளைகளோடு கரைக்கு இறங்கினோம். ஆசிரியை குச்சியை ஊன்றினார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தொடங்கினார்கள்.

மேலேயிருந்து அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஏதோ மூடப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது.

“போதும் டீச்சர். காலையில வந்தப்ப எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. இறங்குங்க. மேல காத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

“வாய்ப்பாடு முடியட்டும் சார்.”

“இறங்குங்கன்னு சொல்றேன்ல.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்தார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வரிசையாக இறங்கினார்கள்.

அவர்கள் நடு ஆற்றுக்குப் போகும் முன் தற்செயலாக என் காலடியைப் பார்த்தேன். குச்சி நின்ற இடத்தில் மணல் இல்லை. தண்ணீருக்குள் குச்சி சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிடுங்கிக்கொண்டு போனது.

மேற்கேயிருந்து சத்தம் கேட்டது. லாரி ஒன்று கல் பாதையில் வருவதுபோல் இருந்தது. அக்கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார்.

“தண்ணி வருது! ஏலே, தண்ணி வருது லே! பாறையில ஏறுங்க!”

தண்ணீரின் நிறம் மாறியது. சருகும் நுரையுமாக வந்தது. முழங்காலில் இருந்தது இடுப்புக்கு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆசிரியை முன்னால் இருந்த பெரிய பாறையைப் பற்றிக்கொண்டு, கயிற்றை இழுத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே தூக்கிப் போட்டார். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். கயிற்றின் கடைசியில் அந்தப் பெண் மார்பளவு தண்ணீரில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவள் பாறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

நான் கத்தினேன். “கயித்தை விடாதே! விடாதே! ஐயோ, கயித்தை விடாதே!”

என் குரலில் இருந்த பயம் அவளைத் தொட்டிருக்க வேண்டும். என்னவோ ஆகிவிட்டது என்று அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தத் திரும்பலில் கால் வழுக்கியது.

பாறையின் மேலிருந்து ஆசிரியையின் குரல் கேட்டது. “கடைசியில யாரு? கடைசியில யாரு?”

பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. நின்றுகொண்டிருந்தேன். நீச்சல் தெரிந்தவன் நான். படித்துறையில் அக்கரை போய் வந்தவன். ஆனால் என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. வாய் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர் கரையோரமாகக் கீழே ஓடினார். வேட்டி அவிழ்ந்து விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்கள்.

வளைவுக்கு அப்பால், நாணல் புதரில் சிக்கியிருந்தவளை அந்தப் பெண்கள்தான் இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. அந்தச் செய்தி என் காதுக்கு வரும்வரை நான் இருந்த இருப்பை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பாறையில் இருந்த பிள்ளைகளை ஆட்கள் கயிறு கட்டிக் கரை சேர்த்தார்கள்.

ஜீப் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

விசாரணை நாள் வரைக்கும் நான் உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த அறைக்குள் போனதும், ஆற்றங்கரையில் காலைக் கட்டிப்போட்ட அதே பயம் வந்தது. வேலை போகும், என் மகளுக்குப் பார்த்திருந்த வரன் கலையும், தெருவில் தலை காட்ட முடியாது என்றெல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது. தலைமையாசிரியரையும் கேட்டார்கள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்தார். “உம்ம பேச்சுக்குக் குறுக்க நான் பேசல்ல. அது பழகுன பழக்கத்துக்கு. ஆனா இனிமே எம்பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீரும் வே. உம்ம மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தப் பிள்ளை மூஞ்சி தெரியுது.”

ஆசிரியைக்குத் தண்டனை கொடுத்து, உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். பிள்ளைகளின் உயிரை அலட்சியம் செய்தவர் என்று அவர் பணிப் பதிவில் எழுதப்பட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் வேறு யாரையாவது எடுக்கச் சொல்வேன். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால், ஆசிரியை எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டார் என்று நினைப்பேன். அவர் எழுதவேயில்லை. குளிக்கப் படித்துறைக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டில் சளி என்று சொன்னேன். அசையாமல் கிடக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே, அது எப்போது எழுந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

உண்மையைச் சொல்லாமலே ஏதாவது செய்து மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். என் அறையில் கேசட்டுகள் இருந்தன. பிள்ளைகள் பாடத்தைத் தேடி ஆற்றைத் தாண்ட வேண்டாம், பாடமே அவர்களிடம் போகட்டும் என்று யோசித்தேன். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பாடங்களை என் குரலில் பேசிப் பதிவு செய்தேன். டூ இன் ஒன் பெட்டியையும் பாட்டரிக் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, பாலத்து வழியாக அக்கரைப் பள்ளிக்குப் போனேன். அங்கே புதிதாக வந்திருந்த வாத்தியாருக்கு இன்னொரு பள்ளியும் பொறுப்பு. பாதி நாள்தான் வருவார். கேசட் பெட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பெண் பள்ளிக்கு வருவதில்லை என்று தெரிந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே அவள் வீடு. வீட்டை விட்டே இறங்குவதில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்குவதில்லை.

பெட்டியைப் போட்டேன். என் குரல் அந்த அறையில் நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. அவள் தாய் முந்தானையை இழுத்துச் செருகியபடி ஓடிவந்தாள்.

“அந்தச் சத்தத்தை நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!”

நிறுத்தினேன். நானும் அங்கே நிற்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

“கரையில நின்னு கத்துனது நீருதானய்யா? அந்தச் சத்தந்தான் எம்மவ காதுல கிடக்கு. ராத்திரியானா, விடாத விடாதன்னு அவளே சொல்லுதா. இப்பம் நெல்லுக் குதிருக்குப் பொறத்த போயி ஒளிஞ்சிக்கிட்டா. இனி வெளிய வருவாளா?”

“நான் போயிடறேன்மா” என்றேன். “அவளுக்கு நான் என்ன செய்யணும்?”

“நீரு ஒண்ணும் செய்யாண்டாம். அவ டீச்சரத்தான் கேக்குதா. அவுகளத்தான் தூக்கியாச்சே.”

அதற்குப் பிறகுதான் உடன்குடிக்குப் போனேன். செம்மண்ணும் பனையுமான ஊர். பக்கத்தில் எங்கோ கருப்பட்டி காய்ச்சும் புகை. ஆசிரியை பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மெலிந்திருந்தார். இடைவேளை மணி அடித்தும் பிள்ளைகளை வாசலைத் தாண்ட விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தார்.

கேசட் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலில் பாடம் பதிவு செய்து கொடுத்தால் அந்தப் பெண் வரக்கூடும் என்றேன். வெறும் கேசட் ஒன்றையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எங்குரலை எப்படி சார் அந்தப் பள்ளிக்கூடத்துல போடுவீங்க? பிள்ளைங்கள ஆத்துல தள்ளுனவன்னு எழுதி வச்சிருக்குல்ல? நாளைக்கு யாராச்சும் கேட்டா அந்த வாத்தியாருக்கும் வேலை போவும்.”

நான் கேசட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

“நீங்க அன்னைக்குச் சொன்னப்போ நான் ஏன் பேசலன்னு எனக்கே தெரியல சார். நீங்க எங்களுக்கெல்லாம் பயிற்சி குடுத்தவர். அப்படி நீங்க சொல்லுதீங்கன்னா, நாந்தான் தப்பா கேட்டுட்டேனோன்னு கொஞ்ச நேரம் நினைச்சேன். வீட்டுக்குப் போற வழியிலதான், இல்ல, வாய்ப்பாட்டை நிறுத்தச் சொன்னது நீங்கதான்னு தெளிஞ்சுது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “முதல்ல அதைப் போயிச் சொல்லுங்க. பொறவு கேசட் தாங்க.”

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காய்ச்சலோடு அதே விசாரணை அதிகாரியிடம் போனேன். அவர் ஃபேனுக்குக் கீழே காகிதங்கள் பறக்காமல் கல்லை வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். ஆற்று வழியாக வரச் சொன்னது நான், குச்சி பார்க்க விடாமல் இறக்கியது நான், விசாரணையில் சொன்னது பொய் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை, “சத்தமா சொல்லுங்க” என்றார்.

“முடிஞ்ச விஷயம். பிள்ளையும் பிழைச்சிருக்கு. எதுக்கு இப்ப?” என்று கேட்டார்.

“அந்த டீச்சர் பேருல இருக்கறது என் பேருக்கு மாறணும் சார்.”

“உமக்குப் பைத்தியமா?” என்றார். ஆனால் எழுதி வாங்கிக்கொண்டார்.

மாற்றம் வர வெகு நாளாயிற்று. ஆசிரியையின் தண்டனை நீக்கப்பட்டது. எனக்கு ஊதிய உயர்வு நின்றது, பிரிவிலிருந்து எடுத்து வேறு மேசைக்குப் போட்டார்கள். மகளுக்குப் பார்த்த வரன் கலையவில்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதும் இல்லை. நான் அஞ்சியதில் பாதி நடக்கவேயில்லை. நடந்த மீதியும், பொய் சொல்லிவிட்டு இருந்த நாட்களைவிட லேசாகத்தான் இருந்தது.

ஆசிரியையைப் பழைய பள்ளிக்கே போகலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். “ஆத்தைப் பாத்துக்கிட்டு என்னால பாடம் நடத்த முடியாது சார்” என்று சொல்லியனுப்பினார். ஆனால் கேசட்டை அனுப்பினார்.

அதை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். இந்த முறை பள்ளிக்குள் நுழையவில்லை. பெட்டியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, பின்வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன்.

பெட்டி கரகரத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. பின்னணியில் தேரிக்காட்டுக் காற்றும் காகங்களும் கேட்டன. பிள்ளைகள் ‘டீச்சர்!’ என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாடத்தைத் தொடங்கும் முன் அவர் கேட்டார்:

“எல்லாரும் வந்தாச்சா? கடைசியில யாரு?”

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கேசட் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பதில் வருவதற்காக அங்கே, உடன்குடியில், பெட்டிக்கு முன்னால் அவர் காத்திருந்திருக்கிறார். நீண்ட நேரம் காத்திருந்திருக்கிறார். பிள்ளைகள் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வாத்தியார் பிறகு சொன்னார்.

பின்வீட்டுக் கதவு கிரீச்சிட்டது. வாசற்படியில் நிழல் விழுந்தது. மிகச் சின்னக் குரலில், “நாந்தான் டீச்சர்” என்று கேட்டது.

பெட்டிக்குள்ளிருந்து ஆசிரியை, “சரி, உக்காரு” என்றார்.

அதற்குப் பிறகும் கேசட்டுகள் வந்தன. மேசை மாறிய பிறகும் விடுமுறை நாட்களில் என் செலவில் உடன்குடிக்கும் அக்கரைக்கும் அலைந்தேன். அந்தப் பெண் முதலில் வாசற்படியில் உட்கார்ந்தாள், பிறகு உள்ளே உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு நாள்கூட அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதபடி நான் நடந்துகொண்டேன்.

ஆறாம் வகுப்பு இக்கரையில் இருந்தது. அதைக் கேசட்டில் கொண்டுபோக வழியில்லை. பாலத்து வழியாகப் பஸ்ஸில் அனுப்பலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாத்தியாரைக் கொண்டு சொல்லிப் பார்த்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும் சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவள் கீழே உட்கார்ந்துகொண்டாளாம். பிறகு அவள் தாய் அனுப்பவில்லை.

அவள் படிப்பு அதோடு நின்றது.